பாதுகாப்புச் செலவுக்கும் கணக்குக் கேட்போம்

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்தால் நம் அக்காமார் சும்மா விடுவதில்லை. தராசுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்கிறார்கள். செக்ரோலில் ஒரு பேர் குறைந்தால் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறோம். சந்தாப் பணம் என்ன ஆனது என்று சங்கத்திடமும் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். பாடசாலையில் நாங்கள் ஒரு பெட்டி சோக் வாங்கினாலும் பில் வைக்கிறோம். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டால் பதில் சொல்கிறோம்.

ஆனால் நம் வரிப்பணத்தில் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும் பாதுகாப்பு அமைச்சைப் பற்றி மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. "அது நமக்கு எதுக்கு சார், வீண் வம்பு" என்று தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. மாவும் மருந்தும் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாம் பட்ட பாடு மறக்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது சுமார் 410 பில்லியன் ரூபா, அதாவது 41,000 கோடி. பொலிஸ் அடங்கிய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சுக்கு இன்னொரு 129 பில்லியன். சுகாதாரத்துக்கு 322 பில்லியன். கல்வி அமைச்சுக்கு 232 பில்லியன். மாகாண சபை வழியாக நம் பாடசாலைகளுக்கு வரும் பணம் வேறு கணக்கு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும், யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, பட்டினி கிடந்த ஒரு நாடு போட்ட கணக்கு இது.

2026 வரவு செலவுத் திட்டத்தில் நமக்கு நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவாக அரசாங்கம் தருவதாகச் சொன்னது. அதற்கு ஒதுக்கியது 5 பில்லியன். அரசாங்கப் பணத்தைக் கம்பனித் தோட்டத் தொழிலாளிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நமது 5 பில்லியனைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்றால், 400 பில்லியனைப் பற்றியும் கேட்கலாம்.

இந்தப் பணத்தை வானத்திலிருந்து யாரும் போடவில்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். கடையில் சவர்க்காரம் வாங்கும்போதும், போனுக்கு ரீலோட் போடும்போதும் நாம் கட்டுகிறோம். கட்டுகிறவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. நமக்காகக் கேட்கும் இடம் பாராளுமன்றம். பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறார். கோபா என்று சொல்லும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு இருக்கிறது. ஒவ்வொரு அமைச்சின் செலவையும் தனித்தனியாக எடுத்துப் பேசும் குழுநிலை விவாதம் இருக்கிறது. கதவுகள் இருக்கின்றன, தட்டுவோர்தான் குறைவு.

கேட்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 2006இல் உக்ரேனிலிருந்து மிக்-27 விமானங்கள் நான்கு வாங்கினார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் பணம் யாருக்குப் போனது என்று எழுதிய பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி நடுவீதியில் கொல்லப்பட்டார். பாராளுமன்றம் உரிய நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு பத்திரிகைக்காரர் தனியாகச் சுமந்தார்.

2023 ஜனவரியில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். 200,783 ஆக இருக்கும் இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணியை 2024க்குள் 135,000 ஆகவும், 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பதாகச் சொன்னார். நல்லது. அப்படியானால் மிச்சமான பணம் எவ்வளவு, அது எங்கே போனது? இதைச் சபையில் எழுந்து கேட்க ஆள் வேண்டும். விலகும் சிப்பாய்க்கு என்ன தொழில் என்றும் கூடவே கேட்க வேண்டும். அவனும் நம் பக்கத்துக் கிராமத்து ஏழைத் தாயின் மகன். ஊரில் வேலை கிடைக்காததால் சீருடை போட்டவன். அவன் சோற்றில் கை வைக்கச் சொல்லவில்லை. அவன் பெயரைச் சொல்லி மேலே நடக்கும் செலவுக்குக் கணக்குக் கேட்கிறோம்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அது உயிர்க் கணக்கு.

2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி கம்பஹா மாவட்டம் வெலிவேரிய பகுதியில் சிங்களக் கிராம மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஒரு தொழிற்சாலையால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது, குடிக்கச் சுத்தமான தண்ணீர் தாருங்கள் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. இராணுவம் வந்தது, சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பாடசாலை மாணவனும் உண்டு. பிறகு இராணுவத்தைப் பற்றி விசாரிக்க இராணுவமே ஒரு குழு அமைத்தது. கங்காணி மீது நாம் கொடுக்கும் முறைப்பாட்டை அதே கங்காணியிடம் விசாரிக்கக் கொடுத்தால் ஒத்துக்கொள்வோமா?

தண்ணீருக்காக வீதிக்கு வருவது நமக்குப் புதிதல்ல. பீலித் தண்ணீர் வற்றும் காலத்தில் குடத்தோடு நாமும் இறங்கியிருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், இது வடக்குக் கிழக்கின் விடயம் மட்டும் அல்ல, தமிழர் விடயம் மட்டும் அல்ல. உரிமை கேட்டு வீதிக்கு வரும் எந்தத் தொழிலாளிக்கும் உள்ள விடயம்.

வடக்கில் மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். நீதிமன்றம் 2015இல் ஓர் இராணுவச் சார்ஜனுக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் இருந்தபோது, அன்றைய ஜனாதிபதி பொது மன்னிப்பு வழங்கி அவரை வெளியே விட்டார். 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமல் போன வழக்கிலும் கடற்படையினர் எதிரிகளாக்கப்பட்டார்கள். அதில் முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் 2021இல் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் ஒரு மாகாணத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். அந்தத் தாய்மார் இன்னும் பிள்ளையின் படத்தோடு நிற்கிறார்கள்.

இப்போது அந்தப் பெரியவரின் பயத்துக்கு வருகிறேன். 1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. நம் லயங்களிலிருந்தும் பிள்ளைகளை அந்தச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த விடயத்தில் வாய் திறந்தால் "புலி" என்று பட்டம் கிடைத்த காலம் அது. அவர் பயப்படுவதில் தவறில்லை. ஆனால் நாம் தனித்தனியாகப் பேசினால்தான் அந்தப் பட்டம் ஒட்டும். சங்கமாக, பிற சங்கங்களின் சிங்களத் தோழர்களோடு சேர்ந்து கேட்டால் ஒட்டாது. வெலிவேரியத் தாயைப் புலி என்று யாரும் சொல்ல முடியாது.

"தேசிய பாதுகாப்பு, வெளியே சொல்ல முடியாது" என்பது அடுத்த பதில். எந்த முகாமில் என்ன ஆயுதம் என்று நாம் கேட்கவில்லை. எத்தனை ரூபா, எந்தக் கேள்விப்பத்திரம், யார் கையெழுத்து என்று கேட்கிறோம். 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம்கூடப் பாதுகாப்புத் தகவலுக்கு விலக்கு அளிக்கும் அதே இடத்தில், பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்க வேண்டும் என்கிறது.

நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் தோட்ட வீடமைப்பு பற்றிய விவாதம் வந்தால் பேசுகிறார்கள். பாதுகாப்பு அமைச்சின் விவாத நாளில் பேசிய ஒரு சிலருக்கு நன்றி. மற்றவர்களுக்கு அது நம் பாடம் அல்ல என்ற நினைப்பு. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் மக்கள் வாக்கை இழந்தார்கள். 1977 வரை மலையகம் தன் வாக்கால் ஒருவரைத் தெரிவு செய்து அனுப்ப முடியவில்லை. அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த ஆசனத்தை வீட்டுத் திட்டம் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது என் யோசனை. மூன்று விடயம் போதும். பாதுகாப்பு ஒதுக்கீட்டு விவாதத்தில் நீங்கள் பேச வேண்டும். முப்படைகளின் கொள்வனவுக் கணக்கைக் கோபா குழு ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்க வேண்டும். படையினர் மீதான குற்றச்சாட்டுகளைப் படைக்கு வெளியே உள்ளவர்கள் விசாரித்து, அறிக்கையைச் சபையில் வைக்க வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு லயத்துக்கு வரும்போது இந்தக் கடிதத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்போம். தராசுக்குப் பக்கத்தில் நின்று கேட்கும் அக்காமார் அன்றைக்கும் முன்னால் நிற்க வேண்டும்.