நெற்றிக் குறியும் வேலைச் சீருடையும்

உத்தியோகத்துக்குப் போகிறவன் தன் உழைப்பையும் நேரத்தையும் முதலாளிக்குக் கொடுக்கிறான். அவற்றோடு தன் நெற்றிக் குறியையும் தாடியையும் கழுத்து மாலையையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டுமா? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், ஆவடித் தொழிற்சாலைகளிலும், பூவிருந்தவல்லிச் சாலையோரத்து அலுவலகங்களிலும் இந்தக் கேள்வி எழாத ஆண்டு இல்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை அணிந்தவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள். ரமலான் மாதத்தில் நோன்பாளிகள் சூரியன் மறையும் வேளையை எதிர்பார்த்திருக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமையன்று ஒருவருக்குக் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது. மேலதிகாரி முகம் சுளிக்கிறார், தொழிலாளி முணுமுணுக்கிறார். விஷயம் அத்துடன் நின்றுவிடுகிறது. யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பேசாமல் விட்டதன் பலன் என்ன என்பதற்கு நம் தேச சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே போகும் பெருஞ்சாலை நம்மை வேலூரில் கொண்டுபோய் விடும். அங்கே கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கும்பினியின் பட்டாளமே வேலைத்தலம், கும்பினியாரே எஜமானர். 1805-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1806-இன் தொடக்கத்திலும் அவர்களுக்குப் புதிய உடை விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோல் சின்னம் வைத்த புதுமாதிரித் தலைப்பாகையை அணிய வேண்டும். பிரதம சேனாதிபதி ஸர் ஜான் கிராடக்கின் காலத்து உத்தரவு இது. கவர்னர் வில்லியம் பெண்டிங்க் பிரபு.

உத்தரவு போட்டவர்களுக்கு இது வெறும் அழகும் ஒழுங்கும் பற்றிய காரியம். அணிய வேண்டியவர்களுக்கோ அந்தத் தோல் பசுவினுடையதா, பன்றியினுடையதா என்பதே பெரிய கவலை. தங்களை மதம் மாற்றுவதற்கு இது முதற்படி என்றும் பலர் அஞ்சினார்கள். மே மாதத்தில் மறுத்துப் பேசிய சிப்பாய்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். இருவருக்குக் கசையடியும் வேலைநீக்கமும் கிடைத்தன. அவர்களில் ஒருவர் ஹிந்து, மற்றவர் முஸ்லிம். கலகம் வரப்போகிறது என்று முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் ஜூன் மாதத்திலேயே எச்சரித்தார். அவரைப் பித்தர் என்று சொல்லி அடைத்து வைத்தார்கள்.

1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டை பற்றி எரிந்தது. திப்பு சுல்தானின் புதல்வர்கள் அங்கே காவலில் இருந்ததும் அந்தக் கலகத்துக்கு வலுச் சேர்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெருப்புக்கு முதற்பொறி தந்தது உடை உத்தரவுதான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் வந்து அன்றைய தினமே கலகத்தை அடக்கினார். வெள்ளையரில் நூற்றுக்கு மேற்பட்டோரும், சிப்பாய்களில் பல நூறு பேரும் மாண்டார்கள். பிறகு உத்தரவு ரத்தாயிற்று. கிராடக்கும் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இத்தனை உயிர்களைப் பறிகொடுத்த பின் செய்த காரியத்தை, முன்னதாகவே நாலு வார்த்தை கேட்டுச் செய்திருக்கக் கூடாதா?

அந்நியர் ஆட்சி போயிற்று. நமக்கென்று அரசியல் சட்டமும் வந்தது. அதன் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, அவரவர் மதத்தை அனுசரிக்கும் உரிமையை அளிக்கிறது; சீக்கியர் கிர்பான் தரிப்பதையும் பெயர் சொல்லியே ஏற்கிறது. ஆயினும் எல்லை உண்டு. விமானப் படையில் தாடி வளர்க்க அனுமதி கோரிய ஒரு முஸ்லிம் வீரரின் வழக்கில், படையின் ஒழுங்கையும் ஒருமைப்பாட்டையும் கருதி, சுப்ரீம் கோர்ட் 2016-ல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அதே சமயம், சர்க்கார் நல்ல வழி ஒன்றையும் காட்டியிருக்கிறது. தொழில் நிலையங்களின் விடுமுறைகளுக்காக 1958-ல் இயற்றப்பட்ட நம் ராஜ்யச் சட்டம், தேசிய விடுமுறைகளைத் தவிர ஐந்து பண்டிகை நாட்களையும் அளித்தது. அவை எவை என்பதை முதலாளியையும் தொழிலாளரையும் கலந்தே நிர்ணயிக்க வேண்டும் என்றது. 'கலந்து' என்ற அந்த ஒரு சொல் வேலூர்க் கோட்டையில் இல்லாமற் போயிற்று!

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பொது மருத்துவமனைகளில் பணிபுரியும் முஸ்லிம் தாதியர் சீருடையோடு தலைத்துணி அணிய நெடுங்காலம் அனுமதி இல்லை. பல ஆண்டுகள் பேசிப் பார்த்த பிறகு, 2021 நவம்பர் முதல் அனுமதி கிடைத்தது. கலகமும் இல்லை, கசையடியும் இல்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஓர் அடையாளத்தையோ அனுஷ்டானத்தையோ தடுக்க விரும்புகிறவரே அதற்குக் காரணம் காட்ட வேண்டும். பார்வைக்கு அழகாயில்லை என்பது காரணமாகாது. கைகால் போகும் என்பது காரணம். சுழலும் யந்திரத்துக்குச் சைவமும் தெரியாது, வைஷ்ணவமும் தெரியாது. தொங்கும் துணி எதுவானாலும் அது இழுத்துக்கொள்ளும். இரும்புத் துண்டு காலில் விழும் இடத்தில் வெறுங்காலோடு நிற்பேன் என்று பக்தர் பிடிவாதம் செய்வது முறையன்று. அவருக்கு அந்த ஒரு மண்டலத்துக்கு வேறு வேலை கொடுக்க முடியுமா என்று மேலதிகாரி பார்ப்பதே முறை. நோன்பாளியின் இடைவேளையை அரைமணி நேரம் மாற்றி வைப்பதால் எந்த ஆலையும் மூழ்கிவிடாது.

இன்னொன்றும் உண்டு. நம் விபூதிக்கு இடம் கேட்கிற நாம், அடுத்த மேஜைக்காரரின் குல்லாவுக்கும் சிலுவைக்கும் பரிந்து பேசுகிறோமா? அந்த உத்தரவு நாமத்தையும் தாடியையும் ஒன்றாகவே தொட்டது; அதனால்தான் இரு சமயத்தாரும் ஒன்றாக நின்றார்கள். துன்பம் வந்தபோது சிப்பாய்களுக்கு இருந்த அந்த ஒற்றுமை, சுதந்திர தேசத்தின் தொழிலாளருக்கும் குமாஸ்தாவுக்கும் சாதாரண நாளிலேயே இருக்க வேண்டும். கார்த்திகையும் ரமலானும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் வருகின்றன. முன்னதாகவே எல்லோரையும் அழைத்து வைத்துக் கேட்டுக்கொள்ள அவகாசம் தாராளமாக இருக்கிறது.