ரொட்டிக்கு ரேஷன்! பாட்டுப் புஸ்தகத்துக்கு லட்சம்!

1946-ம் வருஷம். லண்டன். யுத்தம் முடிந்த மறு வருஷம். குண்டு விழுந்த காலத்தில்கூட அங்கே ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. ஜெயித்த பிறகு, அந்த ஜூலையில்தான் ரேஷன் வந்தது!

அதே வருஷம் பிரிட்டிஷ் மியூசியம் என்ன செய்தது தெரியுமா? அன்று தேசிய நூலகமும் அதற்குள்தான் இருந்தது. ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்திருந்த சங்கீதப் புஸ்தகங்களை 1 லட்சத்து 20 ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கியது!

"ஏன்யா, இங்கே வயிறு காயுது. உங்களுக்குப் பாட்டு கேட்குதா?" என்று க்யூவில் நின்றவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

நான் திருட்டு, தீ விபத்து, குழாயடிச் சண்டை எழுதுகிறவன். சங்கீதத்தில் 'ச'வும் தெரியாது, 'ரி'யும் தெரியாது. ஆனாலும் அடித்துச் சொல்கிறேன்: அந்தப் பணம் தண்டம் இல்லை!

ஹிட்லரிடம் தப்பிய புஸ்தகம்

அந்தத் தனி மனிதர் பால் ஹிர்ஷ். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து இரும்பு வியாபாரி. யூதர். மோசார்ட், பீத்தோவன், ஷூபர்ட் பாட்டுக்களின் ஆரம்ப காலப் பதிப்புகளைத் தேடித் தேடி வாங்கினார். பூட்டியும் வைக்கவில்லை. படிக்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து விட்டார்.

ஹிட்லர் வந்தார். ஹிர்ஷ் 1936-ல் இங்கிலாந்துக்குத் தப்பினார். ஏறத்தாழ 20 ஆயிரம் உருப்படிகள்! அவ்வளவும் கூடவே வந்து சேர்ந்தது. பத்து வருஷம் கழித்து மியூசியம் வாங்கியது.

வாங்காமல் விட்டிருந்தால்? ஏலத்தில் ஆளுக்கு ஒன்றாகப் போயிருக்கும். சிதறினால் சிதறினதுதான். அப்புறம் கோடி கொடுத்தாலும் ஒன்று சேர்க்க முடியாது.

லிஸ்ட் இருக்கா?

திருட்டுப் புகார் கொடுக்கப் போனால் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது, "என்னென்ன போச்சு, லிஸ்ட் இருக்கா?" என்பதுதான். ஹிர்ஷ் இதில் கில்லாடி. தன் புஸ்தகங்களுக்கு 4 பாகமாக லிஸ்ட் போட்டு அச்சடித்தார். 1928-ல் ஆரம்பித்தது, 1947-ல் முடிந்தது. இன்றைக்கும் அந்தப் புஸ்தகங்கள் 'ஹிர்ஷ்' என்ற அவர் பெயரிலேயே தனியாக இருக்கின்றன.

மோசார்ட்டும் லிஸ்ட் போட்டவர்தான்! 1784 முதல், 1791-ல் சாகிற வரை, தான் எழுதிய ஒவ்வொரு பாட்டையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தார். மீதிப் பக்கங்கள் வெறுமையாகவே நின்றுவிட்டன. அந்த நோட்டு ஸ்டீபன் ஸ்வைக் என்ற எழுத்தாளரிடம் இருந்தது. அவரும் நாஜிகளால் நாடு இழந்தவர். 1942-ல் பிரேசிலில் இறந்தார். 1986-ல் அவர் வாரிசுகள் அந்த நோட்டையும் மற்றக் கையெழுத்துப் பிரதிகளையும் பிரிட்டிஷ் நூலகத்துக்குத் தானமாகவே கொடுத்து விட்டார்கள்.

அரண்மனைச் சொத்தும் அங்கேதான். ஹாண்டெல் 1741-ல் 'மெசையா'வைத் தன் கையால் எழுதிய தாள்கள் ராஜ குடும்பத்திடம் இருந்தன. 1911-ல் இரவலாக மியூசியத்துக்கு வந்தன. 1957-ல் எலிசபெத் ராணி நன்கொடையாகவே கொடுத்தார்.

ராணி கொடுத்தார். வாரிசு கொடுத்தார். வியாபாரி விற்றார். மூன்றும் வந்து சேர்ந்த இடம் ஒன்று. 1973-ல் மியூசியத்திலிருந்து பிரிந்து தனியான பிரிட்டிஷ் நூலகம் அது.

என் கட்சி இதுதான். ஆசைப்பட்டுச் சேர்க்கிறவர் சேர்க்கட்டும். அது அவர் காசு. ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு அது பத்துப் பேர் படிக்கிற இடத்துக்குப் போக வேண்டும். தானமாக வந்தால் கும்பிட்டு வாங்கணும். விலைக்கு வந்தால், கஷ்ட காலமானாலும் அரசாங்கம் முழுசாக வாங்கணும். வாங்கி மூட்டை கட்டிப் போடாமல், லிஸ்ட் போட்டுக் கண்ணில் காட்டணும்!

லண்டனில் ரொட்டி ரேஷன் 1948-ல் ஒழிந்தது. க்யூவும் மறந்து போச்சு. ஹிர்ஷின் புஸ்தகங்கள் இன்னும் இருக்கின்றன.

இப்போது சொல்லுங்கள்... அது தண்டச் செலவா?