முதலில் கேட்போம்



சென்ற மாதம் ஒரு மாலையில் தந்தை ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, பையன் எந்நேரமும் கித்தாரும் கையுமாக இருக்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்று முறையிட்டார். நாமும் சற்றும் தயங்காது, "படிப்பு முதலில், பாட்டுப் பிறகு" என்று கூறி அனுப்பிவிட்டோம். பையன் மறுமொழி ஏதும் கூறாமல் தலை கவிழ்ந்து சென்றான். அன்றிரவு, என்றோ படித்த ஒரு கலைஞரின் வரலாறு நம் நினைவுக்கு வந்து நம்மைக் குற்றம் சாட்டியது.

ஆந்திரேஸ் செகோவியா 1893-ஆம் ஆண்டு தென் ஸ்பெயினிலுள்ள லினாரஸ் நகரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரைப் பிரிந்து, உறவினர் இல்லத்தில் வளர்ந்தார். அவருக்கு வயலின் கற்பிக்க முயன்றனர். ஆசிரியரின் கடுமையே சிறுவனை அதினின்று விரட்டியது. பின்னர் ஊர் ஊராய்ச் செல்லும் கித்தார்க் கலைஞர் ஒருவர் அவ்வூருக்கு வந்தார். அவர் அறிந்திருந்தவை அனைத்தையும் சிறுவன் ஒன்றரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தான்.

ஆயினும் அக்காலத்தில் கித்தாருக்கு மதிப்பில்லை. தாரெகா போன்ற ஒரு சிலர் அதனை உயர்த்தப் பாடுபட்டிருந்தும், அது மதுக்கடைக்கும் நாட்டுப்புற நடனத்திற்கும் உரிய கருவி என்றே பலரும் எண்ணினர். செகோவியாவின் வீட்டாரும் அதனை விரும்பவில்லை. கற்பிப்பாரும் இல்லை. எனவே கிரனாடா நகரில் அவர் தாமே நூல்களைத் தேடி இசைக் குறியீடுகளைப் பயின்றார்; தமக்குத் தாமே ஆசிரியரானார். 1909-இல், பதினாறாம் வயதில், அந்நகரில் முதன்முறையாக அவையேறினார்.

பின்னர் மாட்ரிட் நகரில் கச்சேரி செய்யும் வாய்ப்பு வந்தது. ஆனால் கையில் நல்ல கருவி இல்லை. வாங்கப் பணமும் இல்லை. மானுவேல் ராமிரெஸ் என்ற புகழ்பெற்ற கருவி செய்வோரின் பட்டறைக்குச் சென்று, ஒரு மாலைக்கு மட்டும் கித்தார் ஒன்றை வாடகைக்குக் கேட்டார். ராமிரெஸ் அவரைத் துரத்தவில்லை, அறிவுரை கூறவுமில்லை. கருவியைக் கையில் கொடுத்து வாசிக்கச் செய்தார், கேட்டார். கேட்டபின் அக்கருவியையே பணமின்றி அவருக்கு உரிமையாக்கினார். 1912-இல் செய்யப்பட்ட அக்கித்தார் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அன்று விதைத்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1924-இல் பாரிசிலும், 1928-இல் நியூயார்க்கிலும் செகோவியா மேடையேறினார். பெரிய மண்டபங்களில் கித்தார் ஒலி கேட்காது என்றோரின் வாதத்தைத் தம் விரல்களால் முறியடித்தார். வயலினுக்கென பாக் இயற்றிய 'சகோன்' என்னும் அரிய படைப்பை 1935-இல் பாரிசில் கித்தாரில் வாசித்துக் காட்டினார். மெக்சிகோவின் போன்சே, ஸ்பெயினின் டொரோபா முதலிய இசையமைப்பாளர்கள் அவருக்காகப் புதிய படைப்புகளை ஆக்கினர். 1936-இல் உள்நாட்டுப் போர் அவரைத் தாயகத்தினின்று வெளியேற்றியது; அப்போதும் கருவியை அவர் கைவிடவில்லை. விலங்குக் குடலில் முறுக்கிய தந்திகள் அடிக்கடி அறுந்து தொல்லை தந்த நிலை மாறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் தந்திகள் பரவியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1987-இல், தமது 94-ஆம் வயதில், மாட்ரிட்டில் காலமானார். அவ்வாண்டிலும் அவர் மேடையேறியிருந்தார்.

பெற்றோரே, கித்தார் ஏந்தும் பிள்ளைகளெல்லாம் செகோவியா ஆவர் என்று நாம் கூறவில்லை. இசையால் வயிறு வளர்ப்பது எளிதன்று என்பதையும் அறிவோம். ஆனால் பிள்ளையின் விருப்பம் வெறும் பொழுதுபோக்கா, உழைப்பாக முதிரக்கூடிய ஆர்வமா என்பதை எவ்வாறு அறிவது? தூரத்தில் நின்று கடிந்துகொள்வதால் அறிய இயலாது. அருகில் அமர்ந்து கேட்டல் வேண்டும். வராத ஒரு பகுதியை எவரும் ஏவாமலே பத்து முறை திருப்பி வாசிக்கின்றானா? பிழையைச் சுட்டினால் திருத்திக்கொள்கின்றானா? கைதட்ட ஆளில்லாத வேளையிலும் பயில்கின்றானா? ஆம் எனில், நல்லாசிரியர் ஒருவரைத் தேடித் தருவதும், படிப்புக்கும் பயிற்சிக்கும் நேரம் வகுத்துக் கொடுப்பதும் நம் கடமை. இல்லை எனில், அதனை அவனே உணரும்படி அன்போடு எடுத்துரைக்கலாம். எதுவாயினும், கேட்டபின் கூறும் சொல்லுக்கே பிள்ளையின் உள்ளத்தில் மதிப்புண்டு.

ராமிரெஸ் கேட்டபின் தீர்ப்பளித்தார். நாமோ கேளாமலே தீர்ப்பளித்தோம். ஆகவே அத்தந்தைக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம். வரும் சனிக்கிழமை மாலை பையன் கித்தாருடன் பங்கு இல்லத்திற்கு வருகிறான். தந்தையும் உடன் வருகிறார். இம்முறை நாம் இருவரும் வாய் திறக்காமல் அமர்ந்திருப்பதாக உடன்பாடு.