எழுத்தொற்றுமையும் பொருள் மயக்கமும்: ஆங்கிலச் சொற்பட்டியல் பற்றிய ஒரு மறுப்பு

எமது ஆங்கில வகுப்புகளில் ஆண்டுதோறும் கைமாறி வரும் தாளொன்று உண்டு. நிழற்பிரதிக்கு நிழற்பிரதி எடுத்து எழுத்து மங்கிப்போன அத்தாளின் இடப்புறத்தே, ஜீ, எச் என்னும் இரண்டு எழுத்துகளும் அடுத்தடுத்து நிற்கும் ஆங்கிலச் சொற்கள் நாற்பது. வலப்புறத்தே ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு தமிழ்ப் பொருள். அடுத்த வாரம் ஒப்புவித்தல் வேண்டும். எழுத்தொத்த சொற்களைத் திரட்டி மனனஞ் செய்வித்தால் மொழி தானே வந்தமையும் என்பது அதனை ஆக்கியோர் கொள்கை போலும். அக்கொள்கை பிழையானது என்பதும், தமிழ்மொழி மூலம் பயின்று வந்த மாணவருக்குத் தீங்கு செய்வது என்பதுமே எனது வாதம்.

அத்தாளில் 'பௌ' என ஒலிக்கும் சொல்லொன்று உண்டு. பொருள், 'கிளை'. வங்கி முகாமையாளருக்குக் கடிதம் வரையும் பயிற்சியில் எமது நண்பர் ஒருவர் 'உங்கள் வங்கியின் யாழ்ப்பாணப் பௌ' என்று எழுதினார். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன், அதனை ஈண்டு மறைக்க விரும்பவில்லை. ஆயின் அவர் செய்த தவறுதான் யாது? தமிழில் மரத்துக்கும் கிளை, வங்கிக்கும் கிளை. அந்த ஆங்கிலச் சொல் மரத்தின் பெருங்கொப்புக்கே உரியது, வங்கிக்கு உரியது 'பிராஞ்ச்' என்னும் வேறொரு சொல் என்று அவருக்கு எவர் கூறினார்? தாள் கூறியதை அவர் நம்பினார். அன்றிலிருந்து அவ்வகுப்பில் அவர் வாய் திறந்ததை நான் கண்டதில்லை.

'ரைற்' என்பதற்கு அத்தாள் தரும் பொருள் 'சரி'. வலப்பக்கம் என்பதும் உரிமை என்பதும் அச்சொல்லின் பொருள்களே. அரசறிவியல் பயிலும் மாணவன் மனித உரிமை பற்றிய ஆங்கில நூலைத் திறந்து 'மனிதச் சரிகள்' என்று வாசித்துத் திகைப்பானாயின் பழி யாரைச் சாரும்? 'லைற்' என்பதற்கு 'வெளிச்சம்' என்று மட்டும் உள்ளது. பாரமற்றது என்னும் பொருளில் வரும் 'லைற்' வேறு வேரிலிருந்து பிறந்த வேறு சொல். ஜேர்மன் மொழியில் இவ்விரண்டும் இன்றும் வடிவால் வேறுபட்டே நிற்கின்றன.

இனி ஒலியை நோக்குவோம். ஓ, யூ, ஜீ, எச் என்னும் நான்கு எழுத்துகளும் இதே வரிசையில் வரும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'எனினும்' என்ற பொருளில் தோ, 'ஊடாக' என்ற பொருளில் த்ரூ, இருமல், கொஃப், கரடுமுரடானது, ரஃப், எண்ணம், தோற், மேற்சொன்ன மரக்கிளை, பௌ. நான்கு எழுத்துக்கு ஆறு ஒலி! இவற்றை ஓரினமாகக் காட்டுவது கண்ணை மட்டும் நம்பிச் செய்த பாகுபாடு.

இக்குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அது சுவையான காரணமுங்கூட. இரவு, ஒளி, மகள் என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் இவ்விரண்டு எழுத்துகளும் ஒருகாலத்தில் மிடற்றொலி ஒன்றைக் குறித்தன. ஒலி மறைந்தது; எழுத்து நிலைத்தது. அவற்றுக்கு உறவான ஜேர்மன் சொற்களில் அவ்வொலி இன்றும் கேட்கிறது. பேயைக் குறிக்கும் 'கோஸ்ற்' என்பதன் எச்சோ வேறு வழியில் வந்தது. 1476 இல் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சகம் நிறுவிய காக்ஸ்ரன் நெடுங்காலம் புரூஜ் நகரில் வாழ்ந்தவர். அந்நாட்டுப் பிளெமிஷ் மொழியின் எழுத்து வழக்கம் அச்சகத்தின் வாயிலாக அச்சொல்லில் ஏறிக்கொண்டது. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைற்' பிரெஞ்சு வழிவந்த சொல். அதற்கும் ஒளிக்கும் உறவே இல்லை. எனினும் 'லைற்' என்பதைப் பார்த்து அதற்கும் இவ்வெழுத்துகளைச் சூட்டிவிட்டனர். தீவைக் குறிக்கும் சொல்லில் ஒலியாத எஸ் நுழைந்ததும் இத்தகைய மயக்கத்தாலேயே. ஆகவே அந்த நாற்பது சொற்களுள் பழைய ஒலியின் எச்சமும் அச்சகத்தின் பழக்கமும் போலி ஒப்புமையும் கலந்து கிடக்கின்றன. டப்ளினில் பிறந்த பேர்னாட் ஷா இவ்வெழுத்துக்கூட்டலைச் சகியாது, புதிய நெடுங்கணக்கு ஒன்றை ஆக்குவதற்கெனத் தமது மரணசாசனத்திலேயே பணம் ஒதுக்கினார். அவருக்கு அவமானமாகாத இடர்ப்பாடு வன்னியிலிருந்து வந்த மாணவனுக்கு மட்டும் ஏன் அவமானமாதல் வேண்டும்?

'எம் முன்னோர் நிகண்டை மனனஞ் செய்தன்றோ புலவராயினர்?' என விரிவுரையாளர் ஒருவர் என்னை மடக்கினார். நல்ல வினா. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டிலே பதினோராந் தொகுதி எதுகை முறையால் அடைவு செய்யப்பட்டது. இரண்டாம் எழுத்தொத்த சொற்கள் அங்கு ஓரினமாக நிற்கும். மேலோட்டமாக நோக்கின் எமது தாளுக்கு அதுவே முன்னோடி எனலாம். ஆயின் அத்தொகுதியின் பெயரைக் கவனியுங்கள்: ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி. ஒரு சொல்லுக்குரிய பொருள்களையெல்லாம் அது அடுக்கித் தருகின்றது. எமது தாளோ பல பொருளுடைய சொல்லுக்கு ஒன்றைத் தந்து மற்றவற்றை மறைக்கின்றது. நிகண்டு செய்யுளாதலின் காதுக்கு உரியது. எதுகை என்பதே கேட்டறியும் ஒற்றுமை. அன்றியும் நிகண்டு பயின்ற மாணாக்கன் வீட்டிலே தமிழ் பேசியவன், திண்ணையிலே புராணப் படிப்புக் கேட்டவன். அவனுக்கிருந்த இந்தப் பின்னணியில் எமது மாணவனுக்கு ஆங்கிலத்தில் எதனை அளித்திருக்கிறோம்?

தமிழிலும் இத்தொல்லை இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் வாழையும் வாளையும் ஒலியால் ஒன்றே. ஆயினும் எந்த ஆசிரியரும் மரத்தையும் மீனையும் ஒரு தாளில் எழுதி ஒப்புவிக்கச் சொல்வதில்லை. குலையை வெட்டிய கதையிலும் கறி சமைத்த கதையிலுமாக அவை தாமே பிரிந்துவிடுகின்றன.

நேரம் போதாது, பரீட்சை நெருங்குகின்றது என்பர். நாற்பதில் முப்பதைத் தள்ளிவிடுக. எஞ்சிய பத்தையும் வாய்விட்டு ஒலித்துக் காட்டுக. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் தருக. எழுத்து வந்த வரலாற்றை இரண்டு நிமிடம் கூறுக. தவறு நேரும்போது சிரிப்பை அடக்குதல் எம் போன்ற சகமாணவரின் பொறுப்பு.

இவ்வாண்டுப் புதுமுக மாணவருக்கும் அத்தாள் வழங்கப்பட்டுள்ளது. பதினேழாவது சொல், பௌ. பொருள், 'கிளை' என்றே இருக்கிறது.