நாணயம் தேடும் இடத்தில்

முதல் சீட்டை எடுத்தவர் மறுமாதமே தலைமறைவானால், மிச்சப் பேர் கதி என்ன? சீட்டுக் கட்டும் சகோதரிகளுக்கு இந்தக் கவலை புதிதல்ல. கம்ப்யூட்டர் உலகிலும் இது நடந்திருக்கிறது!

பிட்காயின் 'தோண்ட'க் கடப்பாரை வேண்டாம். ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் தேட வேண்டும். முதலில் கண்டவருக்குப் பரிசு. தனி ஆளுக்கு எளிதில் அகப்படாது. ஆகவே 2010இல், செக் நாட்டு மாரெக் பலாட்டினஸின் கூட்டு முயற்சி பிறந்தது. எல்லோரும் தேடுவது, 50 நாணயப் பரிசை உழைப்புக்குத் தக்கபடி பிரித்துக் கொள்வது.

சில சாமர்த்தியசாலிகள் கணக்குப் போட்டார்கள். எண் சீக்கிரம் அகப்பட்டால் பங்குக்காரர் உழைப்பு கொஞ்சம். கைக்கு வருவது அதிகம். தேடல் நீண்டால் பங்கு சிறுக்கும். உடனே நழுவி வேறு கூட்டுக்கு ஓட்டம்! நஷ்டம், கடைசி வரை உழைத்தவர்களுக்கு.

பரிகாரம் உபதேசமல்ல, கணக்குத்தான். புதிய உழைப்புக்கு மதிப்பெண் அதிகம். பழையது நேரமாக ஆகத் தேயும். நழுவியவருக்கு லாபமில்லை.

ஆனால் அகப்பட்ட எண்ணையே மறைப்பவர்களை என்ன செய்வது? 2014இல் எலிஜியஸ் என்ற கூட்டு, இப்படிச் சுமார் 300 நாணயங்களை இழந்தது. இதற்கு இன்னும் முழு மருந்தில்லை.

நாணயம் தேடும் இடத்திலும் நாணயம் வேண்டியிருக்கிறதே, சகோதரிகளே!