ஒத்திகைக்கு ஓர் அறை

கரோல் பாக் என்றால் தில்லித் தமிழர்களில் மூத்த தலைமுறைக்கு ஒரு தனி வாஞ்சை உண்டு. சர்க்கார் வேலைக்கு வந்து இறங்கி, நாலு பேராகச் சேர்ந்து ஒரு பர்சாத்தியில் குடியிருந்து, அஜ்மல் கான் ரோட்டில் முதல் ஸ்வெட்டர் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! பிறகு ஆர்.கே.புரம், ஜனக்புரி, மயூர் விஹார் என்று பிரிந்து போய்விட்டோம்.

அதே கரோல் பாகில், கஜூர் ரோட்டில், 16/330 என்ற இலக்கமுள்ள ஒரு பழைய பங்களா இருந்தது. அதைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 'இந்தியன் ஓஷன்' என்ற இசைக்குழு பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்த வீடு அது. பெயரைக் கேட்டு ஏதோ கப்பல் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். கிதாரும் தபலாவும் டிரம்ஸும் சேர்த்து, ராக் இசையையும் நம் நாட்டு இசையையும் ஒன்றாக இழைத்தவர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

1990-இல் சுஷ்மித் சென் கிதாருடனும் அஷீம் சக்கரவர்த்தி தபலாவுடனும் தொடங்கிய குழு அது. அடுத்த ஆண்டு பேஸ் கிதார் வாசிக்க ராகுல் ராம் வந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டு, நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்திலும் பங்குகொண்டவர். 1994-இல் டிரம்ஸுக்கு அமித் கிலம் வந்து சேர்ந்தார். முதல் ஆல்பம் 1993-இல் வெளிவந்தது. இரண்டாவது ஆல்பத்துக்கு 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு மேடைக் கச்சேரியின் ஒலிப்பதிவுதான். நாடெங்கும் பெயர் வாங்கித் தந்த 'கண்டீசா' 2000-இல் வந்தது. ஆரம்பித்துப் பத்து ஆண்டுகள்! நம் வீட்டில் எந்தப் பிள்ளைக்காவது பத்து ஆண்டு கொடுத்திருப்போமா?

'கண்டீசா' என்ற அந்தப் பாடல் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய சிரியாக் மொழிப் பிரார்த்தனை. 'மா ரேவா' நர்மதைக் கரையின் நாட்டுப்பாடல். 2003-இல் வந்த 'ஜீனி'யில் கபீர்தாசர். தில்லியில் பிழைத்த இந்த இளைஞர்கள் எங்கெங்கோ இருந்த பழைய சொற்களைத் தேடி எடுத்துத் தங்கள் இசைக்குள் வைத்தார்கள். யாரும் அவர்களை மிரட்டி, 'பாரம்பரியத்தைக் காப்பாற்று' என்று சொன்னதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு இருந்தவை ஒரு வீடும், நிறைய நேரமும், சேர்ந்து வாசிக்கும் பிடிவாதமும்தான்.

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் அமைப்பின் கலை நிகழ்ச்சிக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் எங்களைப் பார்க்க வந்தார்கள். எல்லோரும் நம்மவர் வீட்டுக் குழந்தைகள், தில்லியிலேயே பிறந்தவர்கள். அந்தப் பெண் பல வருடங்கள் முறையாக வயலின் கற்றவள். மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கி வைக்கும் அறையை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒத்திகைக்குத் தர முடியுமா என்று கேட்டார்கள். "அங்கிள், நாற்காலியை நாங்களே எடுத்து வைத்துவிடுகிறோம்" என்றான் ஒருவன்.

நாங்கள் யோசித்தோம். டிரம்ஸ் சத்தம் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்றார் ஒருவர். இதில் தமிழ் எங்கே இருக்கிறது என்றார் இன்னொருவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரீட்சை முடியட்டும் தம்பி, பார்க்கலாம்" என்றேன். முடியாது என்று சொல்வதற்கு நம்மிடையே இருக்கும் மரியாதையான வாக்கியம் அது. அதே கூட்டத்தில், ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து மெல்லிசைக் குழுவை வரவழைக்க ரயில் கட்டணம், தங்கும் செலவு, சன்மானம் எல்லாவற்றையும் ஐந்தே நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேற்றினோம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பிள்ளைகள் மறுபடி வரவில்லை. விழாக்களுக்கும் வருவதில்லை. கிதார் பீரோவின் மேல் உறை போட்டுக் கிடக்கிறது என்று ஒரு பையனின் தகப்பனார் பின்னொரு நாள் சொன்னார். சற்று நிம்மதியோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

சென்னைக் கலைஞர்களை அழைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த ஒரு மாலை எவ்வளவு பெரிது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வந்தவர்களின் பாட்டைக் கேட்டுக் கைதட்டுவது மட்டுமே நம் பிள்ளைகளின் வேலையா? இங்கே பிறந்தவர்கள் இங்கிருந்தே ஒன்றை உருவாக்கினால் அது நம்முடையது ஆகாதா?

'இதில் தமிழ் எங்கே' என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பெங்களூரில் கர்நாடக இசையையும் ராக் இசையையும் சேர்த்து வாசிக்கும் ஒரு குழு இருக்கிறது. தியாகராஜர் கீர்த்தனைகளை எலெக்ட்ரிக் கிதாரோடு பாடுகிறார்கள். 2012-இல் முதல் ஆல்பம் போட்டார்கள். குழுவின் பெயர் 'அகம்'. அந்தப் பெயரை விடவா தமிழ் வேண்டும்? பிள்ளைகள் முதலில் வாசிக்கட்டும். பாட்டி சொன்ன தாலாட்டோ, கோயிலில் கேட்ட பதிகமோ ஒரு நாள் தானாக உள்ளே வரும். வராமலும் போகலாம். ஆனால் அறைக்கதவைச் சாத்திவிட்டால் நிச்சயம் வராது.

இந்தியன் ஓஷன் கதை சுகமாகவே போய்விடவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம், 2009 டிசம்பர் 25-ஆம் தேதி காலமானார். 2013-இல் சுஷ்மித் சென்னும் விலகினார். ஆனாலும் புதியவர்கள் வந்து சேர, குழு நிற்கவில்லை. 2015-இல் 'மசான்' இந்திப் படத்துக்கு இசையமைத்தார்கள். 2023-இல் கூட ஓர் ஆல்பம் வந்தது. அஷீமின் குரல் உள்ள கடைசி ஆல்பத்தை 2010-இல் மாதம் ஒரு பாட்டாக, காசு வாங்காமல், எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? '16/330 கஜூர் ரோடு.' ஒத்திகை பார்த்த வீட்டின் விலாசம்! இடம் கொடுத்த வீட்டை அவர்கள் மறக்கவில்லை.

நம் அமைப்புகளுக்குப் பணிவோடு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஓர் அறையை நம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள். சத்தம் குறைய, பழைய ரஜாய்களைச் சுவரில் தொங்கவிடலாம். என் வீட்டிலிருந்தே இரண்டு தருகிறேன். பொங்கல் விழாவில் அரை மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்குங்கள். சுருதி தப்பினாலும் கைதட்டுவோம். என்ன பாட வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாளை அவர்களில் யாராவது பெயர் வாங்கினால், தங்கள் ஆல்பத்துக்கு நம் சங்கத்தின் விலாசத்தை வைப்பார்களா? அதற்கு முதலில் அந்த விலாசத்தில் அவர்களுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும். பரீட்சை முடிந்துவிட்டது, தம்பி. வாருங்கள்.