நடை இல்லாத வீடும் அரூப ஓவியமும்

ஹெப்பகோடியின் ஒற்றையறை வாடகைக் குடித்தனங்களில் நடை கிடையாது. வாசலுக்கும் கூடத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பகுதியைத் தமிழ் ‘நடை’ என்று அழைத்தது. ரேழி, இடைகழி என வழங்குவதும் உண்டு. ஆளின் அசைவையும் வீட்டின் ஓர் உறுப்பையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழியில் எழுதுகிற கலை விமர்சகர்கள், வீட்டகத்தைப் பொருளாகக் கொண்ட அரூபப் படைப்பைக் கண்டவுடன் மோன்ட்ரியானையும் அமெரிக்க மினிமலிசத்தையும் தேடி ஓடுவது விந்தை. கோடு இருந்தால் கட்டம், கட்டம் இருந்தால் மேற்கு. இவ்வளவே அவர்களுடைய வாய்பாடு.

ஜரீனா ஹாஷ்மிக்கு நேர்ந்தது இதுவே. 1937இல் அலிகாரில் பிறந்து, கணிதம் பயின்று, பாரிசில் ஹேட்டரிடம் அச்சுக்கலை கற்றவர் ஆதலால், அவருடைய கோடுகளை வடிவவியல் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. (அவர் அச்சுக் கலைஞர், ஓவியர் அல்லர் என்னும் ஆட்சேபம் பட்டியல் தயாரிக்கும் அலுவலருக்கு உரியது.) 1999இல் அவர் உருவாக்கிய ‘வீடு ஓர் அந்நிய இடம்’ என்னும் 36 மரச்செதுக்கு அச்சுகளின் தொகுதி அந்த எளிமைக்கு இடங்கொடுப்பதில்லை. அத்தொகுதியில் சொல் முந்தியது, படம் பிந்தியது. உருதுச் சொற்களைப் பட்டியலிட்டு, பாகிஸ்தானில் ஓர் எழுத்தணிக் கலைஞரிடம் எழுதி வாங்கிய பின்னரே ஒவ்வொன்றுக்கும் உருவம் தேடினார். வாசற்படி, கதவு, முற்றம், சுவர் ஆகியவை அச்சொற்களுள் சில. பிரிவினை, புலம்பெயர்வு என்று மட்டும் அதை வாசிப்போரும் (அவ்வாசிப்பு பிழையன்று) ஒன்றைத் தவறவிடுகின்றனர்: வாசற்படி என்ற சொல்லுக்குப் பொருள் தருவது அதைத் தாண்டும் பாதம்.

ஆயினும் ஜரீனாவின் வீடு முற்றமுள்ள வீடு. அறையிலிருந்து அறைக்கு நகர்வதைக் கொண்டாடும் கோட்பாடு, ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் இருப்பதாக முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறது. பொம்மசந்திராவின் ஆலைகளுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியின் அலுவலகங்களுக்கும் ஆள் அனுப்பும் ஹெப்பகோடியில், அடுப்புக்கும் பாய்க்கும் இடையே இரண்டு எட்டு. இரவுப் பணி முடித்துத் திரும்புபவர், உறங்குபவரை மிதிக்காமல் கடக்க உடலைப் பக்கவாட்டில் திருப்புகிறார். பாயைச் சுருட்டினால் அது சமையலறை, விரித்தால் படுக்கையறை. ஆள் நகர்வதைவிட அங்கே அறையே அதிகம் நகர்கிறது. அந்த நகர்வுக்குரிய கோட்டை மோன்ட்ரியானிடமும் பெற இயலாது, முற்றத்து நினைவேக்கத்திலும் பெற இயலாது. வீட்டகம் என்று தலைப்பிட்டு முற்றத்திலேயே நின்றுவிடும் ஆய்வேடுகள், ‘வீடு’ என்பதற்கு யாருடைய வீட்டை அளவாகக் கொண்டன என்பதை முதல் இயலிலேயே அறிவிக்கட்டும்.